நூற்றைம்பது தேக்கரண்டி

விடிகாலையிலிருந்து குழந்தைக்கு ஏழெட்டுத் தடவை தண்ணீராகப் போய்விட்டது. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார். டாக்டர் நாக்கைப் பார்க்கிறார், வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பார்க்கிறார். ஊசி போடுவார், நாலைந்து மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்தால், ஒரு பாக்கெட்டை நீட்டுகிறார். "காய்ச்சி ஆற வச்ச தண்ணி ஒரு லிட்டர்ல கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்கம்மா." பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உப்பு, சர்க்கரை, கூட இரண்டு பெயர்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்கிறார்: "குடிக்கிறதெல்லாம் அப்படியே வெளிய போகுது. இன்னும் தண்ணி குடுக்கச் சொன்னாரா? வயித்தக் காயப் போடு, தானா நிக்கும்."

பாட்டியின் கேள்வி நியாயமானது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா? இன்னொரு கேள்வியும் உண்டு. போவது தண்ணீரும் உப்பும் என்றால், தண்ணீரும் உப்பும் கொடுத்தால் போதாதா? நடுவில் சர்க்கரை எதற்கு? ருசிக்கு என்பார்கள் சிலர், தெம்புக்கு என்பார்கள் சிலர். இரண்டும் இல்லை. இந்தச் சர்க்கரைக்கு வேறு வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்று விஞ்ஞானிகளுக்குப் புரிந்தது 1960-ல்தான். அதற்குள் காலரா என்னும் வாந்திபேதி உலகத்தைப் பலமுறை சுற்றி வந்துவிட்டது.

தென்மாவட்டங்களில் "கழிச்சல்ல போவான்" என்று ஒரு வசவு உண்டு. இன்று அதைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. ஒரு காலத்தில் அது மனதாரக் கொடுக்கும் மரணச் சாபம். சாபத்தின் பல்லைப் பிடுங்கியது ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

குடலின் வரவு செலவு

முதலில் வயிற்றுப்போக்கே இல்லாத ஒரு நாளைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் சாப்பாட்டிலும் பானத்திலுமாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் உள்ளே அனுப்புகிறார். ஆனால் குடலுக்குள் வந்து சேர்வது 2 லிட்டர் அல்ல, சுமார் 9 லிட்டர். மீதி 7 லிட்டரை உடம்பே ஊற்றுகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடல் தானாகச் சுரக்கும் நீர் எல்லாம் அதில் அடக்கம். சோற்றைக் கரைத்துச் செரிக்க அவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கிறது.

இந்த 9 லிட்டரில் வெளியே போவது 100 முதல் 200 மில்லி மட்டும், ஒரு டம்ளர்கூட இல்லை. மற்ற அத்தனையையும் சிறுகுடலும் பெருங்குடலும் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடுகின்றன. கடனாக வாங்கிய தண்ணீரை அன்றன்றைக்கே திருப்பிக் கட்டிவிடும் நாணயஸ்தர் நம் குடல்.

இப்போது வாந்திபேதியின் கணக்கு. காலரா கடுமையாகத் தாக்கியவருக்குச் சில சமயம் மணிக்கு 1 லிட்டர் வரை வெளியேறும். குடித்த தண்ணீரை விடப் பல மடங்கு போகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்து, தசையிலிருந்து, தோலிலிருந்து. டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்தது இதற்காகத்தான். நீர் உள்ள தோல் சட்டென்று பழையபடி படிந்துவிடும். நீர் வற்றிய தோல் மடிப்பாக நின்று மெதுவாக இறங்கும்.

ஆக, கிருமி நேராக ஆளைக் கொல்வதில்லை. வறட்சிதான் கொல்கிறது. வயிற்றைக் காயப்போட்டால், ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் குளத்துக்கு வரும் வாய்க்காலையும் அடைத்ததாகிவிடும்.

உப்பின் பின்னால் போகும் தண்ணீர்

குடல் இத்தனை லிட்டரை எப்படி உறிஞ்சுகிறது? மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தால் சற்று நேரத்தில் பாத்திரத்தில் தண்ணீர் தேங்கிவிடும். யாரும் ஊற்றவில்லை. வெளியே உப்பு அதிகமாகிவிட்டதால் மாங்காய்க்குள் இருந்த நீர் அதைத் தேடி வெளியே வந்துவிட்டது. மெல்லிய சவ்வின் இரு பக்கமும் கரைசல்கள் இருந்தால், கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். இதைச் சவ்வூடு பரவல் என்கிறோம்.

குடல் இந்த விதியை வைத்துத்தான் பிழைக்கிறது. தண்ணீரை அது நேராக இழுப்பதில்லை. உணவுக்குழம்பில் இருக்கும் உப்பை, குறிப்பாக உப்பில் உள்ள சோடியத்தை, உள்ளே இழுக்கிறது. உப்பு போன பக்கம் தண்ணீர் தானாகப் போகிறது.

காலராக் கிருமி கைவைப்பது இந்த இடத்தில்தான். அது குடல் சுவரைத் துளைப்பதும் இல்லை, தின்பதும் இல்லை. ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கொல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவ அறிஞர் 1959-ல் முயல்களின் குடலில் சோதித்து, நோய்க்குக் காரணம் இந்த நஞ்சுதான் என்று காட்டினார். நஞ்சு குடல் உயிரணுக்களுக்குள் புகுந்து இரண்டு காரியம் செய்கிறது: உப்பு வெளியேறும் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறது, உப்பு வழக்கமாக உள்ளே வரும் வாசல் ஒன்றைச் சாத்திவிடுகிறது. உப்பு வெளியே கொட்டுகிறது, தண்ணீரும் பின்னாலேயே கொட்டுகிறது.

இப்போது வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும்? உப்பு வந்து வாசலில் நிற்கும். வாசல் சாத்தியிருக்கிறது. திரும்பிப் போய்விடும். குடிப்பதெல்லாம் வெளியே போகிறது என்று பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இரட்டைச் சாவி லாக்கர்

ஆனால் குடலில் இன்னொரு வாசல் உண்டு. அதை நஞ்சு தொடுவதில்லை.

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு சாவி, வங்கி ஊழியரிடம் ஒரு சாவி. இரண்டும் ஒன்றாகத் திரும்பினால்தான் கதவு திறக்கும். உங்கள் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திருப்பினாலும் அசையாது. குடல் சுவரில் இப்படி ஒரு கதவு இருக்கிறது. ஒரு சாவி சோடியம், இன்னொரு சாவி குளுக்கோஸ். குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று வரும்போது சோடியம் அயனி இரண்டு கூட ஏறிக்கொள்ளும், கதவு சுழன்று எல்லாரையும் உள்ளே விடும். இதற்கு இணைக்கடத்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

அவருக்கு அப்போது காலரா நினைப்பில்லை. சர்க்கரை எப்படி உடம்புக்குள் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. சர்க்கரைக்கு உப்பு துணை என்று அவர் சொன்னார். காலரா வைத்தியர்களுக்கு வேண்டியிருந்தது இதன் மறுபக்கம்: உப்புக்குச் சர்க்கரை துணை.

இதுதான் நம் புதிருக்கு விடை. பாக்கெட்டில் இருக்கும் சர்க்கரை சாவியாக வந்திருக்கிறது. அது உப்பைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது, உப்பு தண்ணீரை அழைத்துப் போகிறது. குடலுக்குள் ஏற்கெனவே கசிந்து கிடக்கும் உப்பையும் சேர்த்தே உள்ளே கூட்டிப் போகிறது.

அப்படியானால் சர்க்கரையை அள்ளிப் போட்டால் இன்னும் நல்லதுதானே? அங்கேதான் வினை. மாங்காயை மறந்துவிட வேண்டாம். குடலுக்குள் சர்க்கரை மிஞ்சினால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், போக்கு கூடும். உப்பு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் ஏறும், குழந்தைக்கு வலிப்பு வரை வரலாம். அளவு சரியாக இருந்தால் மருந்து, பிசகினால் நஞ்சு. இனி வரும் கதை முழுக்க இந்த அளவைப் பற்றியதுதான்.

ஒரு குழந்தை, நான்கு மணி நேரம்

கணக்கை ஒரு குழந்தையிடம் போட்டுப் பார்ப்போம். வயது ஒன்று, எடை 10 கிலோ. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதாவது 6 லிட்டருக்குச் சற்று மேல்.

வயிற்றுப்போக்கில் எடையில் 5 சதவீதம், அதாவது அரை லிட்டர் தண்ணீர் போனால் குழந்தை சிணுங்கும், கண் லேசாகக் குழியும், தண்ணீரைக் கண்டால் தாவும். 10 சதவீதம், அதாவது 1 லிட்டர் போய்விட்டால் துவண்டு விழும், குடிக்கவும் தெம்பிருக்காது. அந்த நிலையில் மருத்துவமனையில் நரம்பு வழியாக நீர் ஏற்றியே ஆக வேண்டும். அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு தண்ணீர் பாட்டிலின் பாதி. சில மணி நேரத்தில் அதைக் கடந்துவிடலாம்.

நம் குழந்தை முதல் நிலையில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிமுறைப்படி, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லி கரைசலை 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 10 கிலோவுக்கு 750 மில்லி. அதில் இருப்பது சுமார் 10 கிராம் குளுக்கோஸ், 2 கிராம் சாப்பாட்டு உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் சிட்ரேட்.

750 மில்லியை டம்ளரில் ஊற்றிப் புகட்டினால் குழந்தை வாந்தி எடுத்துவிடும். எனவே தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி 5 மில்லி. 750-ஐ 5-ஆல் வகுத்தால் 150 தேக்கரண்டி. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். அப்படியென்றால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும்.

இந்த வேலையைச் செய்ய எந்த டாக்டருக்கும் நேரம் கிடையாது. நர்ஸுக்கும் கிடையாது. நான்கு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சலிக்காமல் நூற்றைம்பது முறை கரண்டியைத் தூக்கக்கூடியவர் அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோதான். இந்த மருத்துவத்தின் பலமும் அதுதான். மருத்துவ உலகம் இதை நம்பத் தயங்கியதற்குக் காரணமும் அதுதான்.

நரம்பை விட்டு வாய்க்கு

காலராவில் தண்ணீரும் உப்பும் போகின்றன என்பது புதுச் செய்தியல்ல. 1831-ல் வில்லியம் புரூக் ஓஷானெஸ்ஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து அதைச் சொல்லிவிட்டார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா நோயாளிகளின் நரம்பில் உப்பு நீர் ஏற்றிப் பார்த்தார். அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் வைத்தியத்தின் கண் நரம்பின் மேலேயே இருந்தது. 1953-ல் கொல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்துக் குணப்படுத்தியதாக 'லான்செட்' இதழில் எழுதினார். ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் அப்போது இல்லை. உலகம் கண்டுகொள்ளவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் குழு வாய்வழிக் கரைசலைச் சோதித்தபோது கரைசல் அடர்த்தியாகிப் போய்ச் சில நோயாளிகள் இறந்தார்கள். அளவு பிசகியதன் விலை.

டாக்காவில் காலரா ஆய்வுக்கூடம் ஒன்று 1960-ல் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள், உள்ளூர்ச் சகாக்கள் ரஃபிகுல் இஸ்லாம், அப்துல் மஜித் மொல்லா ஆகியோருடன் சேர்ந்து வேறு விதமாக யோசித்தார்கள். எவ்வளவு வெளியே போகிறதோ அதை அளந்து, அதே அளவுக்கு உள்ளே கொடுப்போம் என்றார்கள். வேலை செய்தது. நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய நீரின் தேவை 80 சதவீதம் குறைந்தது என்று 1968-ல் வெளியிட்டார்கள்.

ஆனாலும் அது மருத்துவமனைக்குள், அளவுக் குடுவையோடு, நர்ஸ்கள் சூழ நடந்த வேலை. வெளியே, சேற்றிலும் கூட்டத்திலும் நடக்குமா என்ற கேள்வி மிச்சமிருந்தது.

போன்காவ், 1971

அதற்கு விடை சொன்னது ஒரு போர். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ 1 கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம். முகாம்களில் காலரா வெடித்தது. மேற்கு வங்கத்தில் எல்லையோரச் சிற்றூரான போன்காவ் மருத்துவமனையில் காலராவுக்கென்று இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். கழிவுக்கு நடுவே முழந்தாளிட்டு நரம்பைத் தேட வேண்டியிருந்தது. கொல்கத்தாவிலிருந்து குழுவோடு போயிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் கையில் இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அவர் ஒரு முடிவெடுத்தார். 1 லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. மூன்றும் சந்தையில் கிடைப்பவை. கொல்கத்தாவில் அவர்களுடைய ஆய்வு மையத்தின் நூலக அறை பொட்டலம் கட்டும் கூடமாக மாறியது. தூளை நிறுத்துப் பாலித்தீன் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். முகாமில் பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்து, கூட வந்திருக்கும் சொந்தக்காரர்களிடம் குவளையைக் கொடுத்தார்கள். நோயாளிக்குத் தாகம் அடங்கும் வரை புகட்டுங்கள் என்றார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா.

சில வாரங்களில் சுமார் 3,700 பேருக்குச் சிகிச்சை நடந்தது. இறந்தவர்கள் 3.6 சதவீதம். கடுமையான காலராவைச் சும்மா விட்டால் பாதிப் பேர் வரை இறப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் கனம் புரியும். குவளையைப் பிடித்திருந்தவர்கள் படிப்பறிவு இல்லாத, ஊரையும் வீட்டையும் விட்டு ஓடிவந்த மனிதர்கள். அவர்கள் அளந்தது தாகத்தை வைத்து. உடம்பு வற்றும்போது தாகமே ஓர் அளவுகோல்தான் என்று அந்த முகாம் காட்டியது.

உலகத்துக்கு ஒரே பாக்கெட்

முகாமுக்கு வந்து இதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் திமன் பருவா. ஜெனீவாவில் இதற்காகச் சலிக்காமல் வாதாடியவர் அவர். அங்கே எழுந்த கேள்விகள் சாதாரணமானவை அல்ல. காலராவில் உப்பு அதிகம் போகும், மற்ற வயிற்றுப்போக்கில் குறைவாகப் போகும். பெரியவர் உடம்பு வேறு, கைக்குழந்தை உடம்பு வேறு. ஆளுக்கொரு கலவை வேண்டாமா?

ஏட்டின்படி வேண்டும்தான். ஆனால் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் நாலு வகைப் பாக்கெட் இருந்தால் மாறிப் போகும், தீர்ந்து போகும். 1975-ல் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் எல்லா நாட்டுக்கும் எல்லா வயதுக்கும் ஒரே கலவை என்று முடிவெடுத்தன. 1978-ல் வயிற்றுப்போக்கு நோய்களுக்கென்று ஓர் உலகத் திட்டமே தொடங்கியது. அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையலாம் என்று அதே ஆண்டு 'லான்செட்' தலையங்கம் எழுதியது.

ஒரே பாக்கெட் என்று முடிவானதால் திருத்துவதும் எளிதானது. ஈரக்காற்றில் சமையல் சோடா கலந்த தூள் நிறம் மாறிக் கட்டியானது. 1984-ல் அதற்குப் பதில் சிட்ரேட் வந்தது. பழைய கலவை கொஞ்சம் அடர்த்தி என்று ஆய்வுகள் காட்டியதும், 2002-ல் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தார்கள். நரம்பு வழி நீர் தேவைப்படும் குழந்தைகள் அதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஒரு லிட்டர் பாக்கெட்டின் எடை 20.5 கிராம். அதற்குப் பின்னால் இருப்பது அரை நூற்றாண்டுக்கால அளவுச் சண்டை.

ஒரு பிடி, மூன்று விரல்

பாக்கெட் போய்ச் சேராத வீடுகள் என்ன செய்வது? புதிதாகப் பிறந்த வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1979-ல் இதைக் கையிலெடுத்தது. தராசு இல்லாத வீட்டில் கையையே தராசாக்கினார்கள். அரை சேர் தண்ணீர், அதாவது அரை லிட்டர் அளவு. அதில் ஒரு பிடி வெல்லம். மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தில் பொட்டாசியமும் கொஞ்சம் இருப்பது கூடுதல் லாபம்.

பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. தாயே தன் கையால் கலக்க வேண்டும், அதை ஊழியர் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து அந்தத் தாயிடம் கேள்வி கேட்பார், கலக்கிக் காட்டச் சொல்வார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். பத்து ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகள்.

இதை விடப் பழைய ஒரு கரைசல் நம் சமையலறையிலேயே இருக்கிறது: உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ்கள் கோத்த நீண்ட மாலை. குடலில் அது ஒவ்வொரு மணியாக அவிழும். சாவிகள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் குவிந்து தண்ணீரை இழுக்காது. டாக்காவில் அரிசி மாவில் செய்த கரைசல் காலராவுக்கு நன்றாகவே வேலை செய்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணா குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒரு வகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தபோது, அங்குள்ள நல்ல கிருமிகள் அதைப் புளிக்கவைத்தன. அதில் பிறக்கும் அமிலங்கள் பெருங்குடலையும் உப்பு உறிஞ்சத் தூண்டின. காலரா நோயாளிகளின் போக்கு குறைந்தது என்று 2000-ல் வெளியிட்டார்கள். காய்ச்சல் வந்தாலும் கழிச்சல் வந்தாலும் கஞ்சி கொடுத்த பாட்டிகள் அந்த விஷயத்தில் தவறவில்லை.

ஓட்டைப் பானையின் ரகசியம்

இப்போது பாட்டியின் முதல் கேள்விக்கு வருவோம். ஓட்டைப் பானையில் ஏன் ஊற்ற வேண்டும்?

ஏனென்றால் இந்தப் பானை தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். குடலின் உள்தோல் உடம்பில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் பகுதிகளில் ஒன்று. நஞ்சு ஏறிய உயிரணுக்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து, புதியவை வந்துவிடும். பெரும்பாலான வயிற்றுப்போக்குகள் அந்த அளவில் அடங்கிவிடுகின்றன. அதுவரை பானை வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் கரைசலின் வேலை. போக்கை நிறுத்துவது அதன் வேலையல்ல.

அதன் பலவீனமும் இதுதான். கொடுத்த பிறகும் குழந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். "பாக்கெட்டு கேக்கல" என்று வீட்டார் நினைப்பார்கள். வேறு டாக்டரைப் பார்ப்பார்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதுவார். நின்றுவிடும். நிற்கும் நாள் வந்ததால் நின்றது, பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும்.

1980 வாக்கில் உலகில் ஆண்டுக்கு சுமார் 50 லட்சம் சிறு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். இன்று அந்த எண் ஏறத்தாழ 4.4 லட்சம். சுத்தமான தண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி, தாய்ப்பால் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பாக்கெட்டின் பங்கு பெரிது. மிச்சமிருக்கும் 4.4 லட்சம் பேரில் பலருக்குப் பாக்கெட் கிடைக்காமல் இல்லை, கொடுக்கப்படாமல் இருக்கிறது.

ஏன்? கர்நாடகத்திலும் பீகாரிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கரைசலின் அருமை தெரியும். ஆனாலும் பலர் எழுதித் தருவதில்லை. கையிருப்பு இல்லாததும், மற்ற மருந்தில் லாபம் அதிகம் என்பதும் சிறு காரணங்களாகவே இருந்தன. பெரிய காரணம் இது: "வர்றவங்க இதை விரும்ப மாட்டாங்க" என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டு வந்தவர்களுக்குத் தயங்காமல் கொடுத்தார்கள்.

எனவே கேளுங்கள். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது தண்ணீராகப் போனால், உலகச் சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் இனிப்பாக வரும் பானங்கள் வேண்டாம். சர்க்கரை மிகுந்த அந்தப் பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததும் இந்த அளவுக் கணக்கினால்தான். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பாதித் தூள், பாதித் தண்ணீர் என்று கண்மட்டத்தில் பிரிக்காதீர்கள். மேலே சர்க்கரை சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். டாக்டர் துத்தநாக மாத்திரை தந்தால், போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மற்றபடி, மடியில் குழந்தை, கையில் தேக்கரண்டி, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வாய். நூற்றைம்பது வரை எண்ணத் தெரிந்தால் போதும்.